வலப்பக்கத்துப் பிள்ளை

மாவடிப்பள்ளியில் வயலைப் பார்த்த ஒரு வீட்டின் பின்னறை. நெல் அவிக்கிற மணம் ஜன்னலால் வந்துகொண்டிருந்தது. றிஸ்வானா பாயில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். மடியில் கிடந்த பிள்ளை வீரிட்டுக் கத்தியது.

அவள் இடது மார்பைக் கொடுக்கிறாள். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது. தோளில் போட்டால் வழுக்கி வழுக்கி அவளுடைய வலது பக்கமாக இறங்கப் பார்க்கிறது. வலது மார்பின் மேல் ஒரு துவாயை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் கையையும் வைத்திருந்தாள் றிஸ்வானா.

அந்தப் பக்கத்தைக் கொடு மகள் என்றேன். ஏலாது மிஸி என்றாள். புண்ணா என்று கேட்டேன், இல்லை என்றாள். நோகிறதா என்றேன், ஓம் என்றாள். கொடுத்தால்தானே நோவு குறையும் என்றேன், துவாயை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. துவாயைத் தூக்கிப் பார்த்தேன். மார்பு கல்லாக இறுகிச் சிவந்திருந்தது, தொட்டால் கை சுட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் சீழ் கட்டி, ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கத்தான் வேண்டிவரும். பிள்ளையோ தொடையில் தோல் தொங்குகிற அளவுக்கு மெலிந்துபோயிருந்தது. தாய்க்குப் பால் கட்டி நிற்கிறது, பிள்ளை பசியில் கத்துகிறது, நடுவில் ஒரு துவாய். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன கிழமை பத்திரிகையில் வந்த என் பகுதியை வாசித்துவிட்டுப் பழைய சிநேகிதி ஒருத்தி டெலிபோனில் கோல் எடுத்தாள். நான் எழுதுவதைப் பார்த்தால் கல்முனையில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் நானே பால் கொடுத்து வளர்த்த மாதிரி இருக்கிறதாம். சரி. இந்தக் கிழமை, எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்றை எழுதுகிறேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும்.

தாய் தகப்பன் இருவருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரை மட்டும் மாற்றவில்லை. இரட்டை ஆண்பிள்ளை பிறந்தால் ஹசன், ஹுசைன் என்று வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோழிப் பிடி

நான் மருதமுனைக்காரி, வேலை மருத்துவிச்சி, ஊரார் வாயில் மிஸி. பிள்ளை பெற்ற வீடுகளுக்குச் சைக்கிளில் போய், தாய் எப்படி, பிள்ளை எப்படி, பால் குடிக்கிறதா என்று பார்ப்பது. கடல் வருவதற்கு முன்பும், அதாவது சுனாமிக்கு முன்பும் அதே வேலைதான், வந்த பிறகும் அதே வேலைதான். வந்த பிறகு வீடுகள்தான் இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை, பள்ளிவாசல் விறாந்தை, சொந்தக்காரரின் பின்னறை என்று தேடித் தேடிப் போகவேண்டியிருந்தது.

கடல் வருவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு அம்மணி வந்தா. கம்பளி நூலில் பின்னிய ஒரு மார்பும் ஒரு துணிப் பொம்மையும் கொண்டுவந்திருந்தா. அவ சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பாவம் மனிதர், மார்பு என்ற சொல் வருகிற இடமெல்லாம் இருமினார். பயிற்சி முழுக்க இருமலாகவே போனது.

அந்த அம்மணி ஒரு பிடி காட்டினா. சில பிள்ளைகள் ஒரே பக்கம் குடித்துப் பழகியிருக்கும். மற்றப் பக்கம் கிறுக்கி, அதாவது திருப்பிப் போட்டால் குடிக்காது. அப்படிப்பட்ட பிள்ளையைக் கிறுக்காமல், படுத்த வாக்கிலேயே நகர்த்தி, காலைத் தாயின் கக்கத்துக்குக் கீழே விட்டு, தலையை மட்டும் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளை பழைய பக்கத்திலேயே படுத்திருப்பதாக நினைத்துக் குடித்துவிடும். றகர் விளையாடுகிறவர்கள் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவது போல என்றா. எங்களில் ஒருத்தியும் றகர் பார்த்ததில்லை. எனக்குச் சந்தைக்குக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டுபோகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து நான் அதைக் கோழிப் பிடி என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்கிற தாய்மார் சிரிப்பார்கள். சிரித்தால் உடம்பு இளகும், பாலும் இறங்கும்.

லொறி சொல்வதா, மிஸி சொல்வதா

கடல் வந்த பிறகு எல்லாருக்கும் புத்தி கலங்கித்தான் போயிருந்தது. எனக்கும்தான். முகாமுக்கு ஒரு லொறி வந்து பால்மாப் பெட்டி கொடுத்துவிட்டுப் போகும். அது போன புழுதி அடங்கமுதல் நான் சைக்கிளில் போய், பால்மா கொடுக்காதீர்கள், தண்ணீர் சரியில்லை, பிள்ளைக்கு வயிற்றால் போகும், தாய்ப்பாலையே கொடுங்கள் என்பேன். லொறி சொல்வதைக் கேட்பதா நீங்கள் சொல்வதைக் கேட்பதா என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லொறியும் எங்கள் நன்மைக்குத்தான் வந்தது.

வகுப்பறை ஒன்றில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்று அழுதாள். அவள் கடல் தண்ணீர் குடித்தவளாம், பால் உப்பாகியிருக்குமாம். அதெல்லாம் ஆகாது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. கடைசியில் அவளுடைய பாலில் ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, இனிப்பாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் போனால், பக்கத்து வகுப்பறைப் பெண்களும் எங்களுடையதையும் பாருங்கள் மிஸி என்று நிற்கிறார்கள். கொஞ்சக் காலம் அந்த முகாமில் பால் ருசி பார்ப்பவள் என்றே எனக்குப் பெயர் இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நாட்களில் கடல் மீனை யாரும் கையாலும் தொடவில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. குளத்து மீனும் முருங்கையிலையும்தான் எல்லா வீட்டிலும்.

றிஸ்வானாவுக்கும் இப்படி ஏதோ ஒரு பயம் என்றுதான் நினைத்தேன். பால் உப்பென்று நினைக்கிறாயா, நான் ருசித்துச் சொல்லவா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆளுக்கொரு பக்கம்

அவளுடைய கதையை அந்த வீட்டுக்காரி, அதாவது அவளுடைய புருஷனின் ராத்தா, மூத்த சகோதரி, எனக்கு வாசலிலேயே சொல்லியிருந்தா. கல்முனைக்குடியில் கடற்கரைக்குக் கிட்ட றிஸ்வானாவின் சீதன வீடு. எங்களிடம் வீடு பெண்ணுக்குத்தான், ஆண்தான் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வது. புருஷன் நசீர் அங்கேயே முன்பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். இரட்டைப் பிள்ளைகளுக்கு நாற்பது நாள் கழிந்து, ஒரே நாளில் இருவருக்கும் தலைமுடி இறக்கி, மொட்டையும் மொட்டையுமாகப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஏணைத் தொட்டிலில் கிடந்த நாட்களில்தான் கடல் வந்தது.

நசீர் ஒரு ஏணையிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கினான். மற்றதற்குக் கை நீட்டும்போது ஏணையும் இல்லை, சுவரும் இல்லை. கிணற்றடியில் நின்ற றிஸ்வானாவைத் தண்ணீர் இழுத்துப்போய் எங்கோ ஒரு கம்பிவேலியில் விட்டது. சில நாள் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தாள். அதற்குள் மற்றப் பிள்ளையின் உடல் கிடைத்து, ஹுசைன் என்று சொல்லி அடக்கமும் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவளின் கையில் ஹசனைக் கொடுத்தார்கள். மேலெல்லாம் சிராய்ப்பு, முகம் வீங்கி வற்றி, போத்தல் பாலில் கிடந்த பிள்ளை.

இப்போது வீடும் இல்லாமல் மதினியின் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். எங்கள் பெண்களுக்கு அது பழக்கமில்லாத இருப்பு. அதனால்தான் குரலை உயர்த்தாமல் கதைக்கிறாள் என்று விளங்கியது. மார்பு ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை.

சரி, காரணம் பிறகு பார்க்கலாம், முதலில் பிள்ளை குடிக்கட்டும் என்று பிள்ளையை வாங்கினேன். இடது பக்கம் கிறுக்கிப் போடாமல், கோழிப் பிடியில் அவளுடைய இடது கக்கத்துக்குக் கீழே காலை விட்டுத் தலையை மார்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளை ஒரு தரம் மணந்து பார்த்தது. பிறகு வாயை அகலத் திறந்து கவ்வியது. மிடறு விழுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

எனக்கு வாயெல்லாம் பல். றிஸ்வானாவின் முகத்தில் மட்டும் இரத்தமே இல்லை. இவ்வளவு நாளும் குடிக்காத பிள்ளை இப்போது எப்படிக் குடிக்கிறான் என்று கேட்டாள். கேட்கவேண்டுமா என்னிடம், நான் பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன். இவன் உன்னுடைய வலது பக்கம் குடித்துப் பழகினவன் மகள், படுக்கிற பக்கம் மாறினால் குடிக்கமாட்டான், அதற்குத்தான் இந்தப் பிடி என்றேன்.

அவள் பிள்ளையின் காலைத் தடவினாள்.

"வலது ஹுசைனுக்கு, மிஸி" என்றாள். "பொறந்த நாள்ல இரிந்து ஆளுக்கொரு பக்கம். இடது ஹசன், வலது ஹுசைன். ரெண்டு பேரையும் ஒண்டாத்தான் போடுவன். மாத்தினதே இல்ல."

அப்போதுதான் எனக்குத் துவாய் விளங்கியது. விளங்கியதும் அந்த அறையை விட்டு எழும்பி ஓடலாமா என்று இருந்தது.

ஹுசைனின் காலில் அடையாளத்துக்கு ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தாளாம். வீட்டுக்கு வந்தபோது இந்தப் பிள்ளையின் காலில் நூல் இல்லை. கடல் கழற்றியதா, ஆஸ்பத்திரியில் வெட்டியதா, இல்லை இவனுக்குக் கட்டவே இல்லையா? அடக்கிய பிள்ளையின் காலில் இருந்ததா என்று நசீரைக் கேட்டதற்கு, கவனிக்கவில்லை என்றானாம். முகத்தைப் பார்த்து அவளுக்குச் சொல்லமுடியவில்லை. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத தாய் உலகத்தில் உண்டா என்று நினைத்து, அவளும் வாயை மூடிக்கொண்டாள். எல்லாரும் ஹசன் என்றார்கள், அவளும் ஹசன் என்றாள். ஹசனுக்குரிய பக்கத்தைக் கொடுத்தாள். அவன் ஹுசைனின் பக்கத்துக்கே திரும்பினான்.

"எல்லாரும் ஹுசைனுக்கு எண்டுதான் அல்லாகிட்டத் துஆக் கேக்காங்க. நானும் கேக்கன்" என்றாள். "மண்ணுக்குள்ள கெடக்கிறது ஹசன் எண்டா, அவனுக்கு ஆரு மிஸி கேட்ட? சின்னப் புள்ள, சுவர்க்கம்தான். எண்டாலும் பேர் சொல்லிக் கேக்க ஒரு ஆள் இல்லாமக் கெடப்பானே."

நான் உண்மையைத்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது என்றேன். போத்தலுக்குப் போன பிள்ளை, பயந்த பிள்ளை, எந்தப் பக்கமும் திரும்பும். ஒரு பக்கத்தை மறந்து மற்றப் பக்கத்தைப் பிடிக்கும். பால் குடித்ததை வைத்துப் பெயர் சொல்ல எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இடது பக்கம் முடிந்து பிள்ளை மறுபடியும் சிணுங்கத் தொடங்கியது. அந்த வலது மார்போ இன்று இறக்காவிட்டால் பழுதாகிவிடும். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"மகள், அவனுக்குப் பசிக்கிது. அவன் ஆரு எண்டு மறுகாப் பாப்பம்" என்றேன்.

அவள் துவாயை எடுத்துக் கீழே வைத்தாள். பிள்ளை தானே போய்ப் பிடித்துக்கொண்டது. நோவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

நான் புறப்படும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நசீருக்கு இதைச் சொல்லக் கூடாது. ஹசனைத் தூக்கினேன் என்று நினைத்துக்கொண்டாவது அவன் நிம்மதியாக இருக்கட்டும் என்றாள்.

பாற்சோறு

மறுகாப் பார்ப்போம் என்று சொன்னேனே, அந்த மறுகா வர வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்தது என்று றேடியோ சொன்ன கிழமையில்தான் மறுபடியும் றிஸ்வானாவின் வீட்டுக்குப் போனேன். பெண்பிள்ளை பிறந்திருந்தது.

அன்று காலையில் வழியில் சாவடியில் ஆமிக்காரர்கள் போகிற வருகிறவர்களை மறித்து வெற்றிக்கென்று பாற்சோறு கொடுத்தார்கள். என்னோடு வந்தது சரோஜா, பாண்டிருப்புக்காரி, என்னைப் போலவே மருத்துவிச்சி. அவளுடைய தம்பி கடைசிச் சண்டை நடந்த வன்னிப் பக்கம் போனவன், தகவல் ஒன்றும் இல்லை. இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு வாழையிலையில் கிடைத்தது. ராத்தா, இதை நான் என்ன செய்ய என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. இனிக் குண்டு வெடிக்காது என்று எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்கவும் முடியவில்லை. அவள் தன்னுடையதைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சந்தியில் பிரிந்து அவள் சவளக்கடைப் பக்கம் போனாள், நான் இந்தப் பக்கம் வந்தேன்.

கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடு. றிஸ்வானா சின்னவளுக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் பார்க்க ஒன்றும் இல்லை. மூத்தவன் எப்படி என்று கேட்டேன். முற்றத்தில் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு ஓடியவனைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னும் எனக்குத் தெரியாது மிஸி என்றாள். ஹசன் என்று கூப்பிடுகிறாளாம், அவனும் வருகிறானாம். துஆவில் மட்டும் ஹுசைன் என்ற பெயரோடு நின்றுவிடுகிறாள். ஹசன் கண்முன்னே ஓடித் திரியும்போது அவனுடைய பெயரை மௌத்தானவர்களோடு சேர்த்துச் சொல்ல நாக்கு எழும்பவில்லையாம். அந்தக் கவலை அப்படியே அவளுக்குள் கிடந்தது. அவருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று மறுபடியும் சொன்னாள்.

வெளியே வந்தால் என் சைக்கிளின் சங்கிலி கழன்று கிடந்தது. நசீர் வீட்டு முன்பக்கம் புதிதாகப் போட்டிருந்த கடையை விட்டு வந்து குந்தியிருந்து மாட்டத் தொடங்கினான். தலையை நிமிர்த்தாமலே கதைத்தான்.

"மிஸி, நான் பார்த்துத் தூக்கல்ல. கையில அம்பிட்டதத் தூக்கின. அடக்கம் செய்யப் பள்ளிவாசல்ல வெச்சுப் பேர் என்ன எண்டு கேட்டாங்க, வாயில ஹுசைன் எண்டு வந்திச்சி. மறுகா அவள் வந்து இவன ஹசன் எண்டு தூக்கினாளே, தாய்க்குத் தெரியாமலா இரிக்கும், அப்ப நான் சொன்னது சரிதான் எண்டு மனச ஆத்திக்கிட்டன். இப்ப இந்தப் புள்ள பொறந்த நாள்ல இரிந்து நித்திர இல்ல. அவளுக்குச் சொல்லிராதீங்க."

அவன் சொன்னதை நம்பி அவள், அவள் சொன்னதை நம்பி அவன். வீட்டுக்குள் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். இத்தனை வருஷம் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் இது வெளியே கொண்டுபோவதா, ஒரே வீட்டுக்குள் ஒரு கதவால் கொண்டுபோவதா? சங்கிலி மாட்டி முடியும்வரை யோசித்தேன். யோசித்துக்கொண்டே நிற்கிற ஆள் நான் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் தம்பி என்றேன். வந்தான். றிஸ்வானா திடுக்கிட்டு முந்தானையை இழுத்துக்கொண்டாள். நீங்கள் இரண்டு பேரும் எனக்குச் சொன்னதை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள், இனி என்னால் இதைச் சுமக்க ஏலாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

முதலில் அவன் சொன்னான். பிறகு அவள். பெரிய கதையாக இல்லை, அவனுக்கு இரண்டு வசனம், அவளுக்கு இரண்டு வசனம். முற்றத்தில் டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப வெள்ளிக்கிழமையில புள்ளைய அடக்கின மையவாடிக்குப் போனா, ஆருக்கு எண்டு துஆக் கேக்கிற?" என்று றிஸ்வானா கேட்டாள்.

"ரெண்டு பேரையும் சொல்லித்தான் கேக்கிற" என்றான் நசீர். "மொத நாள்ல இரிந்தே."

"ஹசனையுமா?"

"ஓம். ஹசனையும்."

அவள் சத்தம் போட்டு அழுதாள். கடல் வந்து பிள்ளை போனபோதும், மார்பு கல்லாகக் கிடந்தபோதும் அழாதவள். பெரியவன் டயரைப் போட்டுவிட்டு ஓடிவந்து, உம்மா ஏன் அழுகிறாங்க என்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு என்ன சொல்வது என்று அன்றும் எங்களுக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நசீர் அவனைத் தூக்கிக்கொண்டான்.

மடியில் இருந்த சின்னவள் பாலை விட்டுவிட்டுச் சிணுங்கினாள். றிஸ்வானா கண்ணைத் துடைக்காமலே அவளை மற்றப் பக்கத்துக்கு மாற்றினாள். சின்னவள் குடித்தாள்.